கட்டுச்சோறாக ஒரு வரைபடம்: குமரி மாவட்டத்தில் சிக்னல் இல்லாத வழிகள்

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போகப் போக, ஃபோனின் மேல்மூலையில் இருக்கும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வானத்தை மூடும் இடத்தில் கடைசிக் கோடும் போய்விடும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும்போது, அப்படி ஓர் இடத்தில் நானும் சித்தப்பாவும் பைக்கை நிறுத்திவிட்டு நின்றோம். திரையில் நீலப் புள்ளி இருந்தது. அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம். ரோடு இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, ஒரு கோடுகூட இல்லை.

சிரட்டையிலிருந்து ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “எங்க மக்களே போணும்?” சொன்னோம். “இந்த வழி தோட்டத்துக்குள்ளயே நின்னுரும். திரும்பிப் போயி கெழக்க எறங்குங்க. சானல் மேல ஒரு சின்னப் பாலம் வரும். அதக் கடந்து தெக்க போனா பந்தல் தெரியும்.”

சானல் என்றால் இங்கே வாய்க்கால். அதைக் கடந்ததும் பந்தல் தெரிந்தது. தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

அந்தச் சாம்பல் திரையைப் பற்றி அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். நீலப் புள்ளி பொய் சொல்லவில்லை. நாங்கள் நின்ற இடத்தைத்தான் அது காட்டியது. தான் எங்கே இருக்கிறோம் என்று ஃபோனுக்குத் தெரிந்திருந்தது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்று புரிந்துகொண்டால், நெட் இல்லாமல் மேப் பார்ப்பதில் உள்ள குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இடம் தெரிவது வானத்திலிருந்து. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் நம் கைக்கு வந்து சேர ஒரு நொடியில் ஏறக்குறைய 15-ல் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்து அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஃபோன் கணக்கிடும். மூன்று தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் ஃபோனுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அந்தப் பிழையைக் கழிக்க நான்காவது ஒன்றும் வேண்டும். இதற்கு சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம். ஃபோன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை, கேட்டுக்கொள்வதோடு சரி. வீட்டில் ரேடியோ கேட்பது மாதிரி.

கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கரையில் தெரியும் ஒரு மலைமுகட்டையும் மாதா கோவில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வள்ளத்தை நிறுத்துவார்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல் நேராக்குவார்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பாது. செயற்கைக்கோளிலும் அதே தத்துவம்தான். மலைக்கும் கோபுரத்துக்கும் பதில் வானத்தில் நகரும் அடையாளங்கள், கோணத்துக்குப் பதில் தூரம்.

இதில் நம் பக்கத்து மலைக்கும் பங்குண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் தெரியும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் என்ஜின்களை அங்கே சோதிக்கிறார்கள். இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது. இப்போதைய ஃபோன்கள் ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்றவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. சில மாடல்கள் நாவிக்கையும் கேட்கும். எத்தனை செயற்கைக்கோள் கூடுதலாகத் தெரிகிறதோ அத்தனைக்கும் நல்லது. ரப்பர் தோட்டத்துக்குள்ளும் மலை இடுக்கிலும் வானம் கொஞ்சம்தானே தெரிகிறது.

“நெட் இல்லன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யாது” என்று பலர் அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் ஃபோனுக்கு முதலில் தெரிய வேண்டும். நெட் இருந்தால் அந்தப் பட்டியலை நொடியில் இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அது பேசும் வேகமோ நொடிக்கு 50 பிட்தான். ஒரு செயற்கைக்கோள் தன் சொந்த விவரத்தைச் சொல்லி முடிக்க 30 நொடி ஆகும். நடுவில் ஒரு மரக்கிளையோ வண்டியின் கூரையோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஓடும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு சிக்னல் போன பிறகு முதன்முதலாக மேப்பைத் திறப்பவருக்குப் புள்ளி வர ஐந்து பத்து நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் அவர் ஜி.பி.எஸ். செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்.

ஆகவே குலசேகரத்திலோ பூதப்பாண்டியிலோ, நெட் இருக்கும்போதே, மேப்பைத் திறந்து நீலப் புள்ளி சரியாக வந்து உட்கார்வதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பட்டியல் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அதுவரை புள்ளி சட்டென்று பிடித்துக்கொள்ளும். எங்காவது பிடிக்கவில்லை என்றால், மரம் மறைக்காத இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் ஃபோனை அசைக்காமல் வையுங்கள். திறந்த வானத்தின் கீழே சாதாரண ஃபோன் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். இலையடர்ந்த இடத்திலும் பாறைச் சரிவிலும் அந்தப் பிழை பல மடங்கு கூடும். புள்ளி ரோட்டை விட்டு ஆற்றுக்குள் நின்றால் பதறவேண்டியதில்லை.

இது இடம் பற்றியது. இனி வரைபடம். அது வானத்திலிருந்து வராது, யாரோ எழுதி வைத்ததை நாம்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். தூர வழி போகிறவர்கள் வழியில் கடை இருக்கும் என்று நம்பாமல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்களே, அதே ஏற்பாடு.

முன்பு வரைபடம் என்றால் திரைக்குத் திரை ஒரு படம். அதை மொத்தமாக இறக்கி வைக்க ஃபோனில் இடம் போதாது. இப்போது ரோடுகளும் ஆறுகளும் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அது ஊர்ச்சாலை, அதன் பெயர் இது என்கிற மாதிரி. கோட்டை வரைவது ஃபோனின் வேலை. அதனால்தான் ஒரு மாவட்டமே சில வீடியோக்களின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. வழி கண்டுபிடிப்பதையும் ஃபோனே செய்துகொள்ளும். அதன் அடிப்படைக் கணக்கை எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1956-ல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து யோசித்தார், 1959-ல் வெளியிட்டார். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956 என்பது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல். பெரிய இயந்திரங்களில் ஓடிய அந்தக் கணக்கு இன்று திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நிற்பவரின் சட்டைப்பைக்குள் ஓடுகிறது.

எந்தச் செயலியில் இறக்குவது? பெரும்பாலோர் கையில் இருப்பது கூகுள் மேப்ஸ். மேலே உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடங்கள் என்று ஒரு வரி வரும். அதில் ஒரு கட்டத்தை நகர்த்தி, வேண்டிய பரப்பை உள்ளடக்கி இறக்கிக்கொள்ளலாம். கட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். மேற்கே பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும், கிழக்கே காவல்கிணறு, வள்ளியூர் வரைக்கும் இருக்கட்டும். இறக்கியதற்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிய 15 நாளோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது வைஃபை கிடைத்தால் செயலி தானே புதுப்பிக்கப் பார்க்கும். வைஃபை பக்கமே போகாத ஃபோன் என்றால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெட் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் வண்டிக்கு வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. பஸ், ரயில், சைக்கிள் வழியும் கிடைக்காது. நெரிசல் விவரமும் மாற்று வழியும் வராது. சுற்றுலாவுக்குக் காரில் வருபவருக்கு இது குறையாகத் தெரியாமல் இருக்கலாம். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுபவருக்கு இது பெரிய குறை. முன்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று திருநட்டாலம் வரை 12 கோவில், 100 கிலோமீட்டருக்கும் மேல். கையில் விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று சொல்லிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டம். கூட்டத்தோடு போகும்போது வழி தப்பாது. பின்தங்கிவிட்டால், அல்லது வேறொரு நாளில் நாலைந்து பேராக நடந்தால், தோப்பு நடுவே போகும் குறுக்குவழி எது என்று தெரிய வேண்டும்.

நடப்பவர்களுக்கு நான் சொல்வது, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளை. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்ஆண்ட் இரண்டும் நெட் இல்லாமல் இயங்குவதற்கென்றே எழுதப்பட்டவை. நடை வழியை ஃபோனுக்குள்ளேயே கணக்கிடும். ஒற்றையடிப் பாதையை யாராவது வரைந்திருந்தால் அதையும் காட்டும். ஆஸ்ம்ஆண்டில் மலைச்சரிவின் உயரக்கோடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: இவற்றில் வரைபடம் மாநில வாரியாகப் பிரிந்திருக்கும். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டு விளவங்கோடு பக்கம் போனால் சங்கடம்தான். களியக்காவிளை, பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கமெல்லாம் ஒரு திருப்பத்தில் தமிழ்நாடு, அடுத்த திருப்பத்தில் கேரளம். எல்லை சில இடங்களில் வீட்டு முற்றத்தை ஒட்டிப் போகிறது. கேரளத்தையும் இறக்கினால்தான் அந்த ஊர்களில் வழி அறுபடாமல் வரும்.

இறக்கிய வரைபடம் எங்கே கைவிடும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் அதை நம்ப வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்கு என் மனதில் முதலில் வருவது கோதையாறு. லோயர் கோதையாறும் அப்பர் கோதையாறும் திரையில் ஒரு விரல் அகலம்தான். ஆனால் நடுவில் செங்குத்தான மலை. மின்வாரிய ஊழியர்கள் ஏறி இறங்க, கம்பிவடத்தால் இழுக்கும் விஞ்ச் இருக்கிறது, நமக்கு ரோடு இல்லை. வண்டியில் மேலே போக வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டம் சுற்றி, மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக ஏற வேண்டும். அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ‘பக்கத்தில்தானே’ என்று திரையைப் பார்த்துச் சொல்லக்கூடாத இடம் அது.

மாத்தூர் தொட்டிப்பாலம் வேறு மாதிரி. 1966-ல் கட்டிய பாலம், 115 அடி உயரம், 28 தூண்கள். பறளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் சானலின் தண்ணீரைச் சுமந்து இரண்டு குன்றுகளை இணைக்கிறது. நடப்பவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சில நிமிடத்தில் போய்விடலாம். கார்க்காரர் சுற்றித்தான் போக வேண்டும். ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடைக்கு ஒரு விடை, காருக்கு வேறு விடை. எந்த முறையில் கேட்கிறோம் என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தினால் விடையும் தப்பாகத்தான் வரும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வண்டிகளை மாட்டிவிடுவது சானல்கரை ரோடுகள். அனந்தனார் சானல், தோவாளை சானல் என்று மாவட்டம் முழுக்கக் கிளை பிரிந்து ஓடும் வாய்க்கால்களின் கரையில் ஒரு வண்டி அகலத்துக்கு ரோடு போகும். வரைபடத்துக்கு அதுவும் ரோடு, தூரமும் குறைவு. அதனால் ஃபோன் ஆசையோடு அந்த வழியைக் காட்டும். எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ்தான், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். இரவில், மழையில், ஊருக்குப் புதியவர் சானல்கரையைத் தவிர்த்துப் பெரிய ரோட்டிலேயே போவது நல்லது. ஐந்து நிமிடம் கூடினால் கூடட்டும்.

கதவுகளும் வரைபடத்துக்குத் தெரியாது. காளிகேசம் போகும் வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. காட்டருவிகளில் வெள்ளம் வந்தால் அன்று அனுமதி இருக்காது. ரப்பர் தோட்டங்களின் கேட் சாயங்காலம் பூட்டும். மண்டைக்காட்டில் மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, சுசீந்திரத்தில் மார்கழித் தேர் என்றால் போலீஸ் வழியைத் திருப்பிவிடும். நெரிசல் விவரம் என்பது ரோட்டில் போகும் மற்றவர்களின் ஃபோன்கள் நகரும் வேகத்திலிருந்து வருவது. நெட் இல்லாத ஃபோனுக்கு ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரி ரோடும் நடுராத்திரி ரோடும் ஒன்றுதான்.

பெயர் தேடுவதும் தனிச் சிக்கல். நெட் இருக்கும்போது எழுத்துப் பிழையை எங்கோ இருக்கும் பெரிய கணினி திருத்திவிடுகிறது. இல்லாதபோது தேடல் அவ்வளவு மன்னிப்பதில்லை. குழித்துறையின் ‘ழ’வை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், மற்றவர் வேறு மாதிரி. தக்கலை, திற்பரப்பு, கொல்லங்கோடு எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு. போதாததற்கு நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ‘விளை’ என்று முடியும் ஓர் ஊர். ஒரே பெயரில் நாலு விளை இருக்கும். போகவேண்டிய இடங்களை முந்தின நாளே தேடி, சரியான இடம்தானா என்று விசாரித்து, குறித்துச் சேமித்து வைப்பதுதான் வழி. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது போன்ற விவரங்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, என் அனுபவத்தில் மிகவும் உதவியது. ஃபோன் வழக்கமாக நாம் போகும் திசையை மேலே வைத்து வரைபடத்தைச் சுழற்றிக்கொண்டே வரும். அதை நிறுத்தி, எப்போதும் வடக்கு மேலே இருக்கும்படி வைத்துவிடுங்கள். நம் ஊரில் வழி கேட்டால் வலது இடது யார் சொல்கிறார்கள்? “மேக்க போயி வடக்க திரும்பு” என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் சொம்பு எங்கே இருக்கிறது என்பதற்கே “தெக்க இருக்கு பாரு” என்பவர்கள். வடக்கு மேலே நின்றால் அந்தப் பாட்டா சொன்ன ‘கெழக்க’ திரையின் வலப்பக்கம், ‘தெக்க’ கீழ்ப்பக்கம். ஊர்க்காரர் வாயும் ஃபோனும் ஒரே மொழி பேசும்.

பேட்டரிக்கு ஒரு வார்த்தை. சிக்னல் இல்லாத இடத்தில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால் அந்தத் தேடல் நிற்கும். பெரும்பாலான ஃபோன்களில் அப்போதும் ஜி.பி.எஸ். ஓடும், நீலப் புள்ளி நகரும்.

நான் ஃபோனைக் கேட்கும் கருவி என்று சொன்னதன் மறுபக்கம் 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடற்கரைக்குத் தெரிந்தது. ஒக்கி புயலில் கடலில் சிக்கியவர்களின் பல விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை. ஆழ்கடலில் இருப்பவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேர 2019 அக்டோபரில் மத்திய அரசு ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. அதுவும் செய்தியைப் பெறும் கருவிதான், அனுப்பும் கருவி அல்ல. இடம் தெரிவதும் இடத்தைச் சொல்ல முடிவதும் ஒன்றல்ல. அந்த நாட்களில் கரையிலும் மின்கம்பங்கள் சாய்ந்து, டவர்கள் ஓய்ந்து, ரப்பரும் வாழையும் ரோட்டில் விழுந்து கிடந்தன.

எனவே மலைப்பக்கம் போகும்போது உங்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஏதாவது ஆகிவிட்டால், வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். கன்னியாகுமரிக்கு அது ஏறக்குறைய 8.08, 77.55. புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் எழுதினால் 11 மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடிக்கலாம். நெட் இல்லாமல் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் சாதாரண எஸ்.எம்.எஸ். போய்விடும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கே வேறு எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் 112-க்கு அழைப்பு போகும்.

இந்த வரைபடங்களை எழுதுவது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அளவையாளர்கள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். இன்றைய குமரி மாவட்டமும் அதில் அடக்கம். காடும் மேடும் ஏறி இறங்கி அளந்த வரைபடம் அது. 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெயரைத் தமிழிலும் எழுதலாம். பல கிராமங்களில் பெரிய ரோடு இருக்கிறது, ஊர்க்குளமும் இசக்கியம்மன் கோவிலும் சானலைக் கடக்கும் நடைபாலமும் இல்லை. அவற்றை அறிந்தவர் யாரும் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த அந்த வாரமே சித்தப்பாவோடு மறுபடி அந்த இடத்துக்குப் போனேன். பாட்டா சொன்ன பாலத்தின் மேல் நின்று, புள்ளி அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, எண்களைக் குறித்துக்கொண்டேன். இரவு வீட்டில் கணினியில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தில் சானலைத் தேடிப் பிடித்து, குறுக்கே ஒரு சிறு கோடு போட்டேன், பைக்கும் ஆளும் போகலாம், கார் போகாது என்று குறித்தேன். சில வாரம் கழித்து வரைபடத்தைப் புதுப்பித்தபோது அந்தப் பாலம் அதில் இருந்தது.